மலையகத்தில் பெரிய சபையொன்றுக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே ஆசிரியராக வேலை செய்யும் நான், பதினொரு ஆண்டுகளாக மலையக நகரமொன்றிலுள்ள பெரிய சபையொன்றின் ஞாயிறு ஆராதனைக்குப் போய்வருகிறேன். பாடசாலையிலும் பஸ்ஸிலும் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) வாசலிலும் பலர் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு, நான் கண்டதையும் பட்டதையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நன்மையையும் குறையையும் ஒருங்கே சொல்ல வேண்டியிருப்பதால் சபையின் பெயரையும் அங்குள்ளோரின் பெயர்களையும் குறிப்பிடவில்லை.

பெரிய சபை என்று எதைச் சொல்கிறீர்கள்?

வாரந்தோறும் 2,000 பேரோ அதற்கு மேலோ கூடும் புரட்டஸ்தாந்து சபையைத்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘மெகா சர்ச்’ என்று கணக்கிடுகிறார்கள். அந்த அளவுகோல் நம் மலைக்குப் பொருந்தாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம்; மொத்த மக்களில் 6.2 சதவீதத்தினர் கத்தோலிக்கர். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே என்று மற்ற எல்லாரும் எஞ்சிய 1.4 சதவீதத்துக்குள் அடங்குவர். ஆகவே மலைநகரமொன்றில் ஐந்நூறு அறுநூறு பேர் ஒரே கூரையின்கீழ் கூடினாலே அது பெரிய சபைதான். கோபுரமோ மணியோ இல்லாத மண்டபம், மேடை, கிற்றார், டிரம்ஸ், பாட்டு வரிகளைக் காட்டும் திரை, அங்கி அணியாமல் சாதாரண உடையில் நிற்கும் போதகர் ஆகியவை அதன் வெளி அடையாளங்கள்.

இதைப் பணக்கார வெள்ளைக்காரரின் மதம் என்று தோட்டத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்தச் சபைகளைப் பெற்ற பெந்தெகொஸ்தே எழுச்சி (பரிசுத்த ஆவியின் வரங்களை வலியுறுத்தும் கிறிஸ்தவ இயக்கம்) உலகெங்கும் பரவியது 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா வீதியில் நடந்த கூட்டங்களிலிருந்துதான். அவற்றை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினப் போதகர். 1924இல் கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தொடங்கியது. வெள்ளை உடை, நகை அணியாமை என்ற அதன் கட்டுப்பாடுகளைப் பார்த்த நம் முதியவர்கள், இன்றைய மண்டபங்களில் ஜீன்ஸ் அணிந்த பிள்ளைகள் பாடுவதைக் கண்டு திகைக்கிறார்கள். இரண்டும் ஒரே எழுச்சியின் வெவ்வேறு கிளைகளே.

முதல் ஞாயிறு போனால் என்ன நடக்கும்?

எங்கள் தோட்டத்து மேல் கணக்கிலிருந்து (மேற்பிரிவிலிருந்து) காலை ஆறரைக்குச் சபையின் வேன் புறப்படும். வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட தொண்டர்கள் கைகொடுத்து வரவேற்பார்கள். பையைத் திறந்து காட்டும்படியும் கேட்பார்கள். அதற்காக மனம் நோக வேண்டாம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்க ஆலயங்களும், மட்டக்களப்பில் சீயோன் சபையும் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளான பின் வந்த வழக்கம் அது.

உள்ளே ஏறத்தாழ நாற்பது நிமிடம் நின்றபடி பாடுவார்கள். பிறகு அறிவித்தல்கள், காணிக்கை, ஐம்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ நீளும் பிரசங்கம், கடைசியில் தேவையுள்ளோர் முன்னே வந்து ஜெபம் பெறும் நேரம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து உண்டு. புதியவர்களைக் கையுயர்த்தச் சொல்லி, பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுத ஓர் அட்டை தருவார்கள். எழுதினால் அந்த வாரமே யாராவது அழைப்பார்கள். எழுத விருப்பமில்லையென்றால் சும்மா இருக்கலாம். என் அனுபவத்தில் யாரும் வற்புறுத்தியதில்லை.

அம்மா முதல் முறை வந்த நாளை நான் மறக்கமாட்டேன். கோவிலானாலும் ஆலயமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதே அம்மாவின் பழக்கம். மண்டபத்துக்குள் எல்லாரும் செருப்போடு போவதைக் கவனிக்காமல், மழையில் நனைந்த படியின் ஓரத்தில் தன் இறப்பர்ச் செருப்பை வைத்துவிட்டு, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து வந்து உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிவதற்குள் தொண்டர் பையன் ஒருவன் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துவந்து, தன் கைக்குட்டையால் ஈரம் துடைத்து, அம்மாவின் நாற்காலிக்கடியில் வைத்தான். “என் செருப்பைக் கையால தொட்டுட்டான் அந்தப் புள்ள” என்று வீடு திரும்பும்வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். பிரசங்கத்தில் ஒரு சொல்லும் அவருக்கு நினைவில்லை.

இவ்வளவு சத்தம் எதற்கு?

இளையோர் அந்த இசையில்தான் வளர்ந்தவர்கள் என்பது ஒரு காரணம். உடம்பும் சேர்ந்து துதிக்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னொன்று. தப்படித்துப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) ஆள் அழைத்த மலையில் பிறந்தவர்களுக்கு மேளமே அந்நியம் என்று சொல்ல முடியாது. எனினும் சில ஞாயிறுகளில் ஒலிபெருக்கியின் அளவு மிகையாகத்தான் இருக்கிறது. கைக்குழந்தையோடு வருகிறவர்களும் முதியவர்களும் பின்வரிசையில் உட்காருவது நல்லது.

அந்நியபாஷையில் பேசுகிறார்களே, பயமாக இருக்காதா?

எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண், அதுவரை அமைதியாக இருந்தவர், திடீரென்று எனக்குப் புரியாத ஒலிகளில் வேகமாக ஜெபிக்கத் தொடங்கியபோது நான் அறியாமலேயே ஓரடி நகர்ந்தேன். மாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து ஆடுகிறவர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருந்தபடியால், இரண்டும் ஒன்றோ என்ற கேள்வி வெகுநாள் மனதில் கிடந்தது. சபையார் அதை மறுப்பார்கள்: பேசுகிறவர் தன்னிலை இழப்பதில்லை, நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம் என்பார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரமோ, சபையில் இரண்டு பேர் அல்லது மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராகப் பேசவும், ஒருவர் அதன் பொருளைச் சொல்லவும், பொருள் சொல்ல ஆளில்லாவிட்டால் மௌனமாயிருக்கவும் வேண்டுமென்று ஒழுங்கு விதிக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் உரத்துப் பேசும் வேளைகளில் அந்த அதிகாரம் மறக்கப்படுகிறது என்றே நான் கருதுகிறேன். இதைப் போதகரிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அந்த வரம் இல்லை. பதினொரு ஆண்டுகளில் அதனால் யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை.

தமிழில்தான் நடக்குமா?

எங்கள் சபையில் காலை முதல் ஆராதனை தமிழ், பிந்தியது சிங்களம். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டும் சேர்ந்து நடக்கும். அந்தச் சேர்ந்த ஞாயிறுதான் எனக்கு மிகப் பிரியமானது. போதகர் தமிழில் ஒரு வசனம் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, பிரசங்கம் இரட்டிப்பு நேரம் எடுக்கும், பிள்ளைகள் பொறுமையிழப்பார்கள். ஆனால் பாட்டு வேறு விதம். திரையில் தமிழ்ப் பாட்டின் வரிகள் சிங்கள எழுத்திலும், சிங்களப் பாட்டின் வரிகள் தமிழ் எழுத்திலும் வரும். என் பக்கத்தில் எப்போதும் நிற்கும் சிங்களப் பாட்டி ஒருவர், ‘ஸ்தோத்திரம்’ என்ற சொல்லை உச்சரிக்க முடியாமல் மூன்று தரம் திணறி, நான்காம் தரம் சரியாகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இதன் அருமை மலையகத்தில் வாழாதவர்களுக்கு எளிதில் விளங்காது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் பல ஆண்டுகள் டவுனில் சத்தமாகத் தமிழ் பேசத் தயங்கியவர் என் தந்தை. அவருடைய மகள் ஒரு மண்டபத்தில் சிங்களவர்கள் நடுவில் நின்று உரத்த குரலில் தமிழில் பாடுகிறாள், அவர்களும் கூடப் பாடுகிறார்கள் என்பது எனக்குச் சாதாரண விஷயம் அன்று. சேர்ந்து பாடுவதால் மட்டும் பழைய காயம் ஆறிவிடாது. அதையும் அறிந்தே இதை எழுதுகிறேன்.

சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கேட்பார்களாமே?

கேட்பார்கள். தசமபாகம் என்று அதற்குப் பெயர். மல்கியா 3ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தைக் காட்டியே பெரும்பாலும் பிரசங்கிப்பார்கள். இந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. மாதத்தில் 20 முழுப் பேர் (முழுநாள் வேலைப் பதிவு) விழுந்த ஒருவருக்கு அன்றைய கணக்கில் 20,000 ரூபா. சேமலாப நிதி, சங்கச் சந்தா, கடன் என்று பிடித்தது போக, கையில் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறையும். அதிலிருந்து 2,000 ரூபாவை உறையில் போடுவது, ஒரு பிள்ளையின் மாத பஸ் செலவை எடுத்துப் போடுவதற்குச் சமம். சம்பளம் விழும் 10ஆம் திகதிக்கு அடுத்த ஞாயிறன்று காணிக்கைப் பிரசங்கம் நீளுவதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன். அது என்னை வருத்துகிறது.

கொடுக்காதவரை யாரும் வெளியேற்றுவதில்லை, உறையில் பெயரில்லாமலும் போடலாம். ஆயினும் ‘கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பிவரும்’ என்று மேடையிலிருந்து சொல்லும்போது, கடன்பட்டிருப்பவர் அதைச் சீட்டுப்பணம் போல எண்ணிக் கொடுத்துவிடுகிறார். எங்கள் வரிசை லயத்திலேயே ஒரு தாய், மகளின் தோட்டை அடகு வைத்துக் கட்டட நிதிக்குக் கொடுத்தார். அவருக்கு எதுவும் பன்மடங்காக வரவில்லை. தோடு மூழ்கிப்போனதுதான் மிச்சம். விசேட அழைப்பாக வந்த ஊழியக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தார். சபையில் சேர நினைப்பவர்கள், ஆண்டுக் கணக்கை உறுப்பினர்முன் வாசிக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். எங்கள் சபையில் சில ஆண்டுகளாகத்தான் வாசிக்கிறார்கள். பலர் விடாமல் கேட்டதன் பலன் அது.

ஜெபத்தால் நோய் சுகமாகுமா? மருந்தை நிறுத்தச் சொல்வார்களா?

சுகமானதாகச் சாட்சி சொல்கிறவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் எண்ணவில்லை. நானும் நோய்க்காக ஜெபிக்கிறேன், ஜெபம் கேட்கப்படுகிறது என்று நம்புகிறேன். ஆனால் என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது.

அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக இரத்த அழுத்தம். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்துவருவார். ஒரு உபவாச ஜெபத்தின் முடிவில் ஜெபக்குழுவைச் சேர்ந்த ஒருவர், “அம்மா, நீங்க சுகமாயிட்டீங்க, இனிமே குளிசை போட்டா அது அவிசுவாசம்” என்று சொல்லியிருக்கிறார். அம்மா எங்களிடம் சொல்லாமலே குளிசையை நிறுத்திவிட்டார். மூன்று வாரத்துக்குப் பின் ஒரு விடியற்காலை, தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த வலது கை தளர்ந்து கோப்பை நழுவியது. என் பெயரைச் சொல்ல முயன்றவரின் நாக்குக் குழறியது. வைத்தியசாலையில் பாரிசவாதம் என்றார்கள். பேச்சுத் திரும்பியது, வலது கையில் பழைய பலம் இன்றுவரை இல்லை. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த கை அது.

போதகரிடம் போய்ச் சொன்னேன், கோபமாகத்தான் சொன்னேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மேடையிலிருந்து, வைத்தியர் நிறுத்தச் சொல்லாத மருந்தை ஜெபித்ததற்காக யாரும் நிறுத்தக் கூடாது, அப்படிச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை என்று இரண்டு மொழியிலும் அறிவித்தார். அன்றிலிருந்து மாதமொருமுறை அந்த அறிவித்தல் உண்டு. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் ஜெபத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். குளிசையையும் விடாமல் போடுங்கள்.

அத்தனை பேருக்குள் நாம் தொலைந்துபோக மாட்டோமா?

தொலைந்துபோவதைத்தான் முதலில் நான் விரும்பினேன். தோட்டத்தில் இன்னாருடைய மகள், இன்ன லயம், யாரோடு பேசினாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று எல்லாருக்கும் தெரியும். மண்டபத்தில் என்னை யாருக்கும் தெரியாது. பின்வரிசையில் இருந்து அழலாம், எதற்கு அழுதாய் என்று மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பிலிக்கரையில் கேட்க ஆளில்லை. ஏறக்குறைய ஓராண்டு அப்படியே வந்துபோனேன். அது எனக்குப் பெரிய ஓய்வாக இருந்தது. அம்மா வாட்டில் கிடந்த முதல் ஞாயிறன்று, நான் வராததை அந்த அறுநூறு பேரில் எவரும் அறியவில்லை என்று உணர்ந்தபோது அதே நிலை கசந்தது.

அன்று வைத்தியசாலைக்கு வந்தவர்கள் எங்கள் தோட்டத்து வீட்டுக் கூட்டத்தார் ஒன்பது பேரும்தான். நான் அதற்குமுன் இரண்டே தடவை அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தை நடத்தும் அக்கா, கொழுந்து நிறுத்துவிட்டு உடை மாற்றக்கூட நேரமின்றி, பிளாஸ்கில் இஞ்சித் தேநீரோடு வந்து நின்றார். இரவில் மாறி மாறி அம்மாவோடு இருந்தவர்களும் அவர்களே. பெரிய சபைகளின் நிஜமான பலம் இந்தச் சிறு குழுக்களில்தான் இருக்கிறது. தென்கொரியத் தலைநகர் சியோலில் 1958இல் தொடங்கி உலகின் மிகப் பெரிய சபைகளுள் ஒன்றாக வளர்ந்த யொய்டோ சபை, வீடுகளில் கூடும் சிறு குழுக்களைப் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் விட்டுத்தான் அத்தனை பேரையும் தாங்கியது. அந்த முறையைத்தான் இங்கும் பின்பற்றுகிறார்கள்.

எங்கள் கூட்டம் புதன்கிழமை மாலை, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் நடக்கும். கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பாயில் உட்காருவோம். மைக் கிடையாது, பக்கத்துக் காம்பராவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் பாட்டும் மெதுவாகத்தான். 2022இல் பெற்றோல் இல்லாமல் வேன் நின்றபோது மாதக்கணக்கில் எங்களுக்கு அதுவே சபை. வீட்டுக் கூட்டம் இல்லாத பெரிய சபைக்குப் போகும்படி நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

லயத்தில் கூட்டம் நடத்த அனுமதி வேண்டுமா?

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எவரும் தாம் விரும்பும் சமயத்தை ஏற்கும் சுதந்திரத்தையும், 14ஆம் உறுப்புரை அதைத் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ அனுசரிக்கும் உரிமையையும் தருகின்றன. மறுபக்கம், புதிய வழிபாட்டிடம் கட்ட முன் அனுமதி பெற வேண்டுமென்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி ஜெபக் கூட்டங்களையும் தடுக்க முயன்ற இடங்கள் உண்டு. லயங்கள் நம் பெயரில் இல்லாதவை. 1992 முதல் தோட்டங்களை நடத்துபவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். ஆகவே நாங்கள் துரையிடமும் (தோட்ட முகாமையாளரிடமும்) தோட்டத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறோம், ஒலிபெருக்கி வைப்பதில்லை.

வீட்டில் மற்றவர்கள் சைவர்களாக இருந்தால்?

எங்கள் வீடு அப்படித்தான். அம்மா வழி மூன்று தலைமுறையாக வேதக்காரர். அப்பா மாரியம்மன் கோவில் கமிட்டியில் இருந்தவர். தேர் வரும் நாளில் வாசல் கூட்டித் தண்ணீர் தெளிப்பதை நான் இன்றும் செய்கிறேன். பிரசாதம் உண்பதில்லை, அதை அப்பாவிடம் தனியாக, மரியாதையோடு சொன்னேன். சபையில் சிலர் கோவில் சந்தாவைக் கொடுக்காதே, வாசல் தெளிக்காதே என்றார்கள். சந்தா ஊருக்கும் சேர்ந்தது என்பது என் முடிவு. திருவிழாவுக்கு எதிரே ஜெபக் கூட்டம் வைத்துச் சத்தம் போடுகிறவர்கள் சுவிசேஷத்துக்கு நன்மை செய்யவில்லை.

மரணம் நேர்ந்தால் என்ன செய்வார்கள்?

இதுதான் முதியவர்களின் உண்மையான பயம்: “நான் செத்தா யாரு வருவா, யாரு குழி வெட்டுவா?” தோட்டத்தில் சாவு என்றால் எல்லா லயமும் வேலைக்குப் போகாமல் கூடும். மதம் மாறியவர் வீட்டுச் சாவுக்கு ஊர் ஒதுங்கிய கதைகளும் உண்டு. அப்பா இறந்தபோது சைவ முறைப்படியே எல்லாம் நடந்தது. தம்பி கொள்ளி வைத்தான், நான் சடங்கில் கலந்துகொள்ளாமல் தலைமாட்டிலேயே இருந்தேன். வீட்டுக் கூட்டத்தார் பாட்டுப் பாட வரவில்லை, பந்தல் போடவும் தேநீர் ஊற்றவும் வந்தார்கள். ஊரார் அதைப் பார்த்தார்கள். அம்மாவின் நாள் வரும்போது குழி வெட்டத் தாங்களே வருவதாகக் கோவில் கமிட்டியினர் அன்றே சொன்னார்கள்.

சபைக்குள் சாதி இல்லையா?

ஆராதனையிலும் திருவிருந்திலும் இல்லை. கலியாணப் பேச்சில் இருக்கிறது. ஒரே வரிசையில் நின்று பாடும் குடும்பங்கள் பெண் கேட்கும்போது ‘ஊரில் எந்தப் பக்கம்’ என்று சுற்றிவளைத்து விசாரிப்பதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். மேடையில் இதைப் பற்றி வருடத்துக்கு ஒரு பிரசங்கமாவது வேண்டும்.

பழைய ஆலயத்தை விட்டுவிட்டீர்களா?

முற்றாக இல்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழியாகத்தான் அம்மாவின் முன்னோர் வேதத்துக்கு வந்தார்கள். கோப்பிக் காலத்தில் மலையேறியவர்களுக்கு அது எழுத்தையும் கற்றுக்கொடுத்தது. டிக்கோயாவில் 1878இல் துரைமார் கட்டிய வார்லி ஆலயம் போன்ற கல் ஆலயங்கள் இன்றும் நிற்கின்றன. எங்கள் சிறிய ஆலயத்தில் இருபது பேர் கூடினால் அதிகம். அம்மா சுகமாக இருக்கும் மாதங்களில் ஒரு ஞாயிறு அவரோடு அங்கே போவேன். கீர்த்தனை பாடும்போது அம்மா புத்தகத்தைத் திறப்பதே இல்லை. அந்த மௌனமும் ஒழுங்கும் மண்டபத்தில் எனக்குக் கிடைப்பதில்லை. மண்டபத்தில் கிடைக்கும் இளையோரும் இரண்டு மொழியும் அங்கே இல்லை.

பிடிக்காவிட்டால் விலகிவிடலாமா?

தாராளமாக விலகலாம். அம்மாவுக்கு நேர்ந்ததற்குப் பின் ஐந்து மாதம் நான் மண்டபப் பக்கம் போகவில்லை. முதல் மாதம் தொலைபேசி அழைப்புகள் வந்தன, பின் நின்றுவிட்டன. வீட்டுக் கூட்டத்து அக்கா மட்டும் புதன்தோறும் கூட்டம் முடிந்து போகையில் எங்கள் வாசலில் நின்று அம்மாவின் கையைப் பிசைந்துவிட்டுப் போவார். எப்போது வருகிறாய் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. விலக நினைப்பவர்கள் குழுத் தலைவரிடம் நேரே சொல்லிவிடுங்கள். வாட்ஸப் குழுவிலிருந்தும் வருகைப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் பெற்றவரானாலும் உங்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. மறுபடி போக மனம் வந்தால் வேன் அதே ஆறரைக்குத்தான் மேல் கணக்கிலிருந்து புறப்படுகிறது; முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, கைகாட்டினால் நிறுத்துவார்கள்.